குப்பைப் பெட்டியில் மூன்று பின்னூட்டங்கள்

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் கணினிப் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். எல்லாரும் 'கம்ப்யூட்டர் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். நோட்டீஸ் பலகையையும் ஷிப்ட் பதிவேட்டையும் ஒழித்துவிட்டு, எல்லாத் தகவலும் கணினியிலேயே ஓடும்படி இரண்டு வாரத்தில் செய்துதரச் சொன்னார் மேலாளர்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் வலைப்பூ எழுதி வந்தவள். கைப்பழக்கமான அந்த மென்பொருளையே அலுவலகக் கணினியில் ஏற்றினாள். வெளியாட்கள் பார்க்க முடியாதபடி பூட்டினாள். 'பதிவு' என்று இருந்த இடங்களில் எல்லாம் 'அறிவிப்பு' என்று மாற்றினாள். பின்னூட்டப் பெட்டியை, ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் குறிப்பு எழுதிவைக்கும் இடமாக்கினாள். ஒரே வாரத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது. அதே கிடங்கில் பெட்டி அடுக்கும் அவளுடைய தங்கை, எங்க அக்கா செஞ்சதாக்கும் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தாள்.

மூன்றாவது வாரம், காலை பத்து மணி. பழைய அறிவிப்புகளை நீக்கிக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் 'குப்பை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 3 என்ற எண் இருப்பதைப் பார்த்தாள். வலைப்பூவில் வந்து விழும் விளம்பரங்களை மென்பொருள் தானாகவே பிடித்துப் போடும் பெட்டி அது. இங்கே அதற்கு வேலையே இல்லை. அணைக்க மறந்திருந்தாள்.

திறந்தாள். மூன்றும் 'ஸ்பானர்' என்று எல்லாரும் அழைக்கும் மெக்கானிக் விடியற்காலை ஷிப்ட் முடித்துப் போகும்போது எழுதியவை. "3ஆம் ரூம்ல அமோனியா வாடை. வால்வு சரியா மூடல. ஆள உள்ள விடாதீங்க." குளிரூட்டும் குழாய்களில் ஓடும் நச்சு வாயு அது. பக்கம் அசையவில்லை என்று அனுப்பும் பொத்தானை மூன்று முறை அழுத்தியிருக்கிறார். ஒரே வாசகம் அடுத்தடுத்து வந்ததால் விளம்பரம் என்று மென்பொருள் ஒதுக்கிவிட்டது.

மூன்றாம் அறையில் பத்து மணிக்குத்தான் சரக்கு எடுப்பார்கள். எடுப்பது தங்கையின் குழு.

கிடங்கின் தொலைபேசிக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை. உள்ளே போகிறவர்கள் கைபேசியை வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் போவார்கள். அவள் ஓடினாள். லாரிகளுக்கு நடுவே கால் பின்னி விழுந்து, எழுந்து ஓடினாள். அறையின் கனத்த கதவு மூடியிருந்தது. மேற்பார்வையாளர் அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"கதவத் தொறங்க. உள்ள கேஸ் கசியுது."

"இப்பதானே போனாங்க. சிஸ்டத்துல ஒண்ணும் வரலியே?"

"வந்துச்சு. நான்தான் பாக்கல."

அவர் திரும்பிக் கதவை இழுத்தார். திறந்ததும் வெண்புகையும் மூக்கைப் பிளக்கும் நெடியும். கண்ணைப் பொத்திக்கொண்டும் இருமிக்கொண்டும் ஒவ்வொருவராக வந்தார்கள். அவள் எண்ணினாள். ஏழு பேர். போனவர்கள் எட்டு. உள்ளே பாயப் போனவளைச் சுவரோடு அழுத்திப் பிடித்து நிறுத்திவிட்டு, மேற்பார்வையாளர் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அந்த வெண்புகையைப் பார்த்தபடி நின்றபோது, அம்மாவிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர அவள் மனத்தில் வேறொன்றும் ஓடவில்லை.

கடைசி வரிசையில் சுருண்டு கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தார். தங்கையின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. மூச்சு மட்டும் இருந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் சொன்னபோது மாலையாகிவிட்டது. தொண்டை புண்ணாகியிருந்ததால் பேச்சு வர நாளாகும் என்றார். மேலாளர் அக்காவைத் தனியே அழைத்து, விபத்து அறிக்கையில் மென்பொருள் கோளாறு என்று எழுதினால் போதும், உன் பேரை ஏன் இழுக்கிறாய் என்றார். அவள் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நான்காம் நாள் மெக்கானிக் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். தூக்கம் இல்லாத முகம்.

"எழுதிட்டோமேன்னு வீட்டுக்குப் போயிட்டேம்மா. யாரையாவது எழுப்பிச் சொல்லியிருக்கணும். தங்கச்சிக்குப் பேச்சு வந்துச்சா?"

"தண்ணின்னு கேட்டா அண்ணே, காலையில."

அவர் தலையாட்டினார். போகவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார்.