சோடியைப் பிரிப்பதில்லை

எங்கள் வீட்டில் நான் மூன்று பேர். ஒருவன் மேலே, மின்விசிறிக்குப் பக்கத்தில். ஒருவன் கட்டிலுக்கு அடியில். மூன்றாமவன் நாற்காலியில் உட்கார்ந்து இதைச் சொல்பவன். என் மனைவி வெள்ளையம்மா தினமும் மூன்று டம்ளர் டீ போடுவாள்.

நான் மாட்டுத் தரகன். ஆனால் சந்தைக்குப் போவது மேலே இருப்பவன்தான். ஒரே காலையில் பதினேழு சோடி காளைகளை முடித்துக் கொடுத்தவன். ஒரு தடவை டவுன் பஸ்ஸை நிறுத்தி, டிரைவரிடம் பேரம் பேசி, பஸ்ஸைக் கடலுக்குத் திருப்பினான். வெள்ளையம்மா கடலைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கட்டிலுக்கு அடியில் இருப்பவன் எதுவும் கேட்க மாட்டான். ஒரு திங்கட்கிழமை முதல்முறையாகக் கேட்டான்.

"கயித்த எங்க வச்சிருக்க?"

தரகன் வீட்டில் மூலைக்கு மூலை கயிறு. வெள்ளையம்மா எல்லாவற்றையும் அள்ளிப் பக்கத்து வீட்டில் போட்டாள். என்னைப் பஸ் ஏற்றினாள். மேலே இருப்பவன் பஸ் கூரையில் வந்தான். கீழே இருப்பவன் சீட்டுக்கு அடியில் வந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தா நடக்க நடக்க நீண்டது. நடுவில் ஒரு ஜன்னல்.

"எத்தனை பேரு?" என்றார் ஜன்னல்காரர்.

"மூணு."

"ஒரு பேருக்குத்தான் சீட்டு."

"எந்தப் பேருக்கு?"

"அத உள்ள போயிப் பேசித் தீத்துக்குங்க. இங்க நின்னு வராந்தாவ நீட்டாதீங்க."

டாக்டர் ஜெசிந்தா சின்ன வயசு. பேசாமல் தன் வலது கையின் மேல் ஒரு துண்டைப் போட்டு என் பக்கம் நீட்டினார். எனக்கு மூச்சு வந்தது. எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் சொல்வோம். கை சொன்னதை வாய் மாற்றக் கூடாது.

"இருமுனைக் கோளாறுன்னு பேரு" என்றார்.

"பேரு கெடக்கட்டும் தாயி. உருப்படி எத்தனைன்னு பேசுவோம்."

ஒரு விரலைப் பிடித்தேன். கீழே இருப்பவன் மட்டும். அவர் இரண்டு விரலைப் பிடித்தார்.

"கீழ உள்ளத இப்பவே ஓட்டிட்டுப் போங்க. சும்மாவே தர்றேன். மேல உள்ளது என் பொழப்பு."

"சோடியப் பிரிக்கிறதில்லீங்க. ஒண்ணு நின்னா அது மத்ததக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். நீங்களே எத்தன பேருகிட்ட சொல்லியிருப்பீங்க?"

சொல்லியிருக்கிறேன். நொண்டியை நல்லதோடு சேர்த்துத் தள்ளிவிடுவதற்காக.

"மேல உள்ளதக் கொஞ்சம் இறக்கி வப்போம். விசிறி உயரம் வேண்டாம். பரண் உயரம்?"

அவர் அதே இரண்டு விரலை இறுக்கினார்.

"கதவு நெல உயரம் தாயி. என் சம்சாரம் அண்ணாந்து பாத்தாத் தெரியணும். அவ்வளவுதான்."

"மொதல்ல அச்சாரத்தப் பிடிங்க" என்று ஒரு வெள்ளை மாத்திரையைக் கொடுத்தார். விழுங்கினேன். உடனே கை நடுங்கத் தொடங்கியது. துண்டுக்கு அடியில் என் விரல்கள் தாமாக அவர் விரல்களின் மேல் விழுந்தன. ஒன்று. இரண்டு.

"முடிஞ்சது" என்றார்.

"ஐயோ, அது நடுக்கம் தாயி."

"கை சொன்னத வாய் மாத்தலாமா?"

முப்பது வருஷமாக நான் ஊருக்குச் சொன்னது. வெள்ளையம்மாவைப் பார்த்தேன்.

"நீ சொல்லு. நீ வேண்டாம்னா பேரம் இல்ல."

அவள் அண்ணாந்து பார்த்தாள். மேலே இருந்தவன் டியூப் லைட்டில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். அங்கே இருந்தவன் அவளுடைய முந்தானையைச் சாண் வைத்து அளந்துகொண்டிருந்தான்.

"ஓட்டிட்டுப் போங்க" என்றாள். மறுபடி அண்ணாந்து பார்க்கவில்லை.

ஒரு ஆள் புதுக் கயிற்றோடு வந்தார். விற்ற மாட்டின் பழைய கயிறு விற்றவனுக்குத்தான். அது வழக்கம். அவர்கள் இரண்டு பேருக்கும் பழைய கயிறு ஒன்று இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மறுமுனை என் இடுப்பில் இருந்தது. அந்த ஆள் அதை அவிழ்த்துச் சுருட்டி வெள்ளையம்மாவிடம் கொடுத்தார்.

விற்ற மாடு ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கும். மேலே இருந்தவன் பார்க்கவில்லை. கூட்டிப்போன ஆளுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டே போனான். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். வராந்தா அவர்களுக்காக நீண்டுகொண்டே போனது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரிப்பு கேட்டது.

இப்போது அந்தக் கயிறு எங்கள் முற்றத்தில் எல்லோரும் பார்க்கக் கட்டியிருக்கிறது. வெள்ளையம்மா அதில் என் வேட்டியைக் காயப்போடுகிறாள். பக்கத்து வீட்டிலிருந்து மற்றக் கயிறுகளும் வந்துவிட்டன. நான் நன்றாகத் தூங்குகிறேன். சந்தையில் நடுங்குகிற கைக்கு யாரும் துண்டு நீட்டுவதில்லை. வெள்ளையம்மா இன்னும் மூன்று டம்ளர் டீ போடுகிறாள். மூன்றையும் நான்தான் குடிக்கிறேன். மூன்றும் ஒரே மாதிரி இருக்கின்றன.

நேற்று மத்தியானம் அவள் தட்டை வைத்துவிட்டு, மின்விசிறியைப் பார்த்து, "சாப்பிட வாங்க" என்றாள்.

"வந்துட்டேன்" என்றேன்.

"உங்கள இல்லீங்க" என்றாள்.

பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.