கடைசி ஐநூற்றுப் பன்னிரண்டு

மனித நாகரிகம் முழுவதையும் பிரதியெடுக்க ஐந்து கட்டளைகள் போதும்: திற, உருவாக்கு, படி, எழுது, மூடு. பஞ்சு சார் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த ஐந்தில் ‘திற’வைத் தாண்டி அவர் போய் நான் பார்த்ததில்லை. அதுவும் டிபன் டப்பாவை.

எண்பத்தேழாம் வருஷம். செம்பூரில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றின் ஆபீஸ். யூனிக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர் மெஷின் ஒன்று வந்திறங்கியதும் அதற்கு ஏ.சி. அறை, வெல்வெட் உறை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் ஆசாரம் எல்லாம் ஏற்பட்டுவிட்டன. நான் டேட்டா என்ட்ரி, தாராவியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், ஆறு மாத டெம்பரரி. அது மாசக் கடைசியோடு முடிகிறது. பஞ்சு சார் மாட்டுங்காக்காரர், பர்மனென்ட், எனக்கு மேலே. புரோகிராமர் என்று ஒரே ஒரு போஸ்ட் வந்திருந்தது. மெஷினோடு வந்த காப்பிக் கட்டளையைத் தொடாமல், சி மொழியில் சொந்தமாக புரோகிராம் எழுதி ஒரு ஃபைலைக் காப்பி செய்து காட்டுகிறவருக்கு அந்த போஸ்ட் என்று மேனேஜர் வானமாமலை அறிவித்திருந்தார்.

“ஏளா சாயிரா, முடிஞ்சா முடிஞ்சிட்டுப் போவுது. ஒண்ணாந்தேதிலேருந்து வாப்பாகூட ஒக்காந்து பேக் தையி” என்று உம்மா சொல்லிவிட்டாள். எனக்கு அந்த போஸ்ட் வேண்டியிருந்தது.

நோட்டில் எழுதினேன். பஸ்ஸில், நின்றுகொண்டு. ஒரு ஃபைலைத் திறந்து, இன்னொன்றை உருவாக்கி, முதலாவதிலிருந்து ஐநூற்றுப் பன்னிரண்டு எழுத்துகளாகப் படித்துப் படித்து இரண்டாவதில் எழுதவேண்டும். படிக்க ஒன்றுமில்லை என்றானதும் இரண்டையும் மூடவேண்டும். முப்பது வரிகூட வரவில்லை. ஆனால் டெம்பரரிகள் அந்த மெஷினில் புரோகிராம் ஏற்றக்கூடாது என்று விதி. நோட்டை பஞ்சு சாரிடம் கொடுத்தேன். ஒரே விரலால் இரண்டு நாள் டைப் அடித்தார்.

“மேல ரெண்டு பேர் பேரையும் போட்டுடறேன். நீ எழுதினே, நான் ஓட்டினேன். பாதிப் பாதி.”

“என் பேரு முதல்ல இருக்கட்டும் சார்.”

“அசடே, ஆர்டர்படி பாத்தாலே நான்தானே முன்னாடி? P, அப்புறம் S.”

புரோகிராமை ஓட்டிக் காட்டும் விழா அன்று மெஷினுக்கு மாலை போட்டிருந்தார்கள். மேனேஜரின் இங்கிலீஷ் பேச்சைத்தான் காப்பி செய்வது, அந்தக் காப்பியை அச்செடுத்து மேடையிலேயே அவர் வாசிப்பது என்று ஏற்பாடு. “நான் எழுதிய புரோகிராம்” என்றுதான் பஞ்சு சார் ஆரம்பித்தார். மூன்று வாரம் தூக்கமில்லை என்றார். ‘பாதிப் பாதி’யில் என் பாதியைத் தேடிக்கொண்டு, கதவோரம் சமோசாத் தட்டோடு நின்றிருந்தேன்.

மேனேஜர் வாசித்தார். “தேங்க்யூ” என்று முடித்தார். கைதட்டினார்கள். ஆனால் தாள் முடியவில்லை. எழுதியிருப்பதைப் படிக்காமல் விடுவது அவர் வழக்கமுமில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “...ஷின் ஒருபோதும் தவறு செய்யாது” என்று பாதிச் சொல்லில் ஆரம்பித்து, நாலு வரி முன்னால் சொன்னதையெல்லாம் மறுபடி சொல்லி, பாதி வாக்கியத்தில் நின்றார். இந்தமுறை இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

தப்பு எங்கே என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கடைசித் துண்டில் ஐநூற்றுப் பன்னிரண்டு எழுத்து இருக்காது. எத்தனை படித்ததோ அத்தனைதான், புரோகிராமில் n என்று வரும் அந்த எண்ணிக்கைதான், எழுதவேண்டும். முழுசாக எழுதச் சொன்னால், முந்தின துண்டின் மிச்சமும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

அடுத்த நிமிஷம் சந்தோஷமாகவும் இருந்தது. இப்போது மேனேஜர் கேட்பார். பஞ்சு சாருக்கு பதில் தெரியாது. என்னைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும்.

கேட்டார். “ஏன்யா பஞ்சு, தேங்க்யூ சொன்னப்பறமும் நான் ஏன் பேசிண்டே இருந்தேன்?”

“ஒரு நிமிஷம் சார்” என்று பஞ்சு சார் புரோகிராம் தாளோடு கதவோரம் வந்தார். தாளின் தலையில் ஒரே பெயர்தான் இருந்தது. குரலைத் தாழ்த்தி, “எங்கம்மா தப்பு?” என்றார்.

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் தெரிந்த விடையை வைத்துக்கொண்டு சும்மா நிற்க எனக்கு வரவில்லை. ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கை விரலை அந்த வரியில் வைத்தேன்.

பஞ்சு சார் தாளை உயர்த்திப் பிடித்தபடி மேடைக்குத் திரும்பினார்.

“மத்ததெல்லாம் நான் எழுதினது சார். இந்த ஒரு வரி மட்டும் நம்ம சாயிரா. கத்துக்கட்டுமேன்னு விட்டேன்.”

எல்லோரும் திரும்பினார்கள். மேனேஜர் கோபப்படவில்லை. “அந்த வரி நீ எழுதினதாம்மா?” என்று பரிவாகத்தான் கேட்டார்.

“ஆமா சார்” என்றேன்.

n என்று இருக்கவேண்டிய இடத்தில் 512 என்று எழுதியிருந்தது நான்தான்.