காற்றுப் புகாத அறை

வெண்டைக்காயைக்கூட ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறவன் திருமலைசாமி. ஆர்.எஸ்.புரத்துக் கடையில் ஹீட்டர் வாங்க வந்தவன் கடைக்காரரின் உயிரையும் சேர்த்து வாங்கியதில் ஆச்சரியமில்லை. அன்றைக்கு அவனைக் குறை சொல்லவும் முடியாது. மனைவி ரங்கநாயகிக்கு எட்டாம் மாதத்திலேயே பெண்குழந்தை பிறந்துவிட்டது. எடை ஒன்றேமுக்கால் கிலோ. குளிர் பட்டால் தாங்காது என்று டாக்டரம்மா நாலு தடவை சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். ஆனைமலைப் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலோ ஆடிக்காற்று கூரை ஓட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தது.

கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்றில் கம்பி செக்கச்செவேலென்று பழுத்தது. மற்றது புதிதாக வந்திருந்த செராமிக் ஹீட்டர். சின்னப் பெட்டி, உள்ளே குட்டி ஃபேன், நெருப்பே கண்ணில் படவில்லை.

"ஏனுங்க, இது கவுந்துபோச்சுன்னா?"

"தானா நின்னுக்குமுங்க."

"சத்தம் போடுமுங்களா? புள்ள முழிச்சுக்கும்."

"ஃபேன் சத்தந்தானுங்க. ரூமு எத்தனைக்கு எத்தனைங்க?"

"எட்டுக்கு எட்டுங்க."

"அப்ப ஆயிரம் வாட்ஸ் தாராளமுங்க. சந்து பொந்தை மட்டும் அடைச்சுக்கோங்க. இல்லாட்டி சூடு நிக்காதுங்க."

ப்ளக்குக்கு எத்தனை பின், ஒயர் எத்தனை அடி என்று இன்னும் அரைமணி நேரம் குடைந்தான். கரண்ட் போனால் என்ன செய்வது என்று மட்டும் கேட்கவில்லை. பாவி, அதைக் கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

வீடு வந்ததும் மைதாப் பசை காய்ச்சி, சன்னல் இடுக்குகளில் செய்தித்தாளை நாலு மடிப்பாக ஒட்டினான். ஓட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உரச்சாக்குகளைப் பிரித்து விரித்துக் கட்டினான். கதவடியில் பழைய போர்வையைச் சுருட்டித் திணித்தான். பிறகு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பிடித்துப் பார்த்தான். புகை அசங்காமல் நேராக மேலே போனது. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்று நாள் அறை கதகதவென்றிருந்தது. குழந்தை நன்றாகப் பால் குடித்தது.

நாலாம் நாள் காலையில் தென்னை மட்டை விழுந்து கரண்ட் கம்பி அறுந்தது. ஹீட்டர் நின்றது, அறை ஆறத் தொடங்கியது. குழந்தையைக் குளிப்பாட்ட வந்திருந்த பாவாத்தாளை வீட்டில் நிறுத்திவிட்டு, லைன்மேனைத் தேடி மொபெட்டை எடுத்தான்.

"பாவாக்கா, புள்ளைக்குக் குளுரு படாமப் பாத்துக்கோங்க. கதவை மட்டும் தொறந்து போட்டுறாதீங்க."

லைன்மேன் வேறோர் ஊரில் கம்பத்தின்மேல் இருந்தார். அவர் இறங்கிவரக் காத்திருந்து, அழைத்துவந்து, அறுந்த இடத்தைக் காட்டிவிட்டு இவன் வீடு சேர்ந்தபோது மணி மூன்று. பாவாத்தாள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"குளுரு அண்டலீங்க தம்பி. அடுப்புல இருந்து சட்டி நெறையத் தணல் அள்ளி உள்ள வெச்சுபோட்டேன். புள்ளை பெத்த ஊட்டுல எப்பவும் வெக்கறதுதானுங்களே. ரெண்டு பேரும் அசந்து தூங்கறாங்க. புள்ளை ஒருக்காக்கூட அழுவுலீங்க."

ரெண்டு மணி நேரத்துக்கொரு தரம் பாலுக்கு அழுகிற குழந்தை. திருமலைசாமி மொபெட்டைக் கீழே போட்டுவிட்டு அறைப் பக்கம் ஓடினான். எல்லா வீட்டிலும் தணல் வைத்தார்கள்தான். தணல் கக்கும் நச்சுக்காற்று வெளியே போக ஓட்டிலும் சன்னலிலும் சந்து இருந்தது. இங்கே ஒரு சந்து விடாமல் பசை போட்டு அடைத்தவன் அவனேதான்.

கதவு போர்வையில் சிக்கிக்கொண்டது. தோளால் இடித்துத் திறந்து உள்ளே பாய்ந்தான். சன்னலில் ஒட்டியதைக் கிழித்துத் தள்ள, காற்று மொத்தமாக உள்ளே வந்தது. ரங்கநாயகி முனகினாள், புரண்டு வாந்தி எடுத்தாள். அவள் பிழைத்துக்கொள்வாள் என்று தோன்றியது. குழந்தையை வாரியெடுத்து முதுகில் தட்டினான். கன்னம் நன்றாகச் சிவந்திருந்தது. உடம்பு கதகதவென்றுதான் இருந்தது. மூச்சில்லை.

அந்நேரம் கரண்ட் வந்தது. மூலையில் ஹீட்டர் தானாக ஓடத் தொடங்கி அவன் காலில் வெதுவெதுப்பாக ஊதியது.

வாசலிலிருந்து பாவாத்தாள் சத்தம் போட்டாள்.

"தம்பி, சன்னலைச் சாத்துங்க. புள்ளைக்குக் குளுருமுங்க!"