ஈறில் ஒரு கோடு

விடியுமுன்பே உலை எரிந்துகொண்டிருந்தது. வல்லத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை. லாரியில் வந்து குவியும் பழைய பேட்டரிகளை ஆண்கள் கோடாலியால் பிளந்து ஆசிட்டை வடிப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, உள்ளேயிருக்கும் தகடுகளைச் சுத்தியலால் தட்டிச் சாம்பல் நிறப் பொடியைக் கூடையில் சேர்ப்பார்கள். அதை உலைக்காரர் யாக்கோபு உலையில் கொட்டி உருக்கி, ஈயக் கட்டிகளாக வார்ப்பார். வாசலில் நின்றாலே கண் எரியும்.

மீனம்மாளின் சுத்தியல் அன்றும் நழுவி விழுந்தது.

"மறுபடியுமா?" என்றாள் பக்கத்திலிருந்த ராஜம்மா. "கையில வெண்ணெய் தடவிக்கினு வந்தியாடி?"

"தெரியலக்கா. புடிக்கிறேன், நிக்க மாட்டேங்குது."

"ராத்திரி தூங்குனியா?"

"தூங்குனேன். நான் எழுந்து வந்துட்டேன், ஒடம்பு இன்னும் எழுந்துக்கல."

முதலாளி நரசிம்மன் வெல்லக் கூடையோடு வந்தார். தினமும் ஆளுக்கு ஒரு கட்டி. வெல்லம் தின்றால் தூசி தொண்டையில் தங்காது என்பது அந்தக் கொட்டகையின் நம்பிக்கை. அங்கே இருந்த டிரம் தண்ணீர் ஈயக் கட்டிகளைக் குளிரவைக்கத்தான். கை கழுவ இல்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்குவார்கள். தின்றுவிட்டு விரலையும் நக்குவார்கள். மீனம்மாள் பாதியைக் கடித்து, மீதியை முந்தானையில் முடிந்தாள். அது அவளுடைய நான்கு வயது மகள் கலைமதிக்கு.

"எந்தக் கம்பெனியில வெல்லம் தர்றான், சொல்லுங்க?" என்ற நரசிம்மனின் கண் கீழே கிடந்த சுத்தியலில் விழுந்தது. "இன்னா மீனம்மா, தூக்கம் கலையலையா? நாளைக்கும் இப்படின்னா வராத. சோம்பேறிக்கு இங்க எடமில்ல."

மத்தியானம் ராஜம்மா அவளை இழுக்காத குறையாகப் படப்பை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

"என்ன செய்யுது?" என்று கேட்டார் டாக்டர் ஷெர்லின்.

"அசதிம்மா."

"எத்தனை நாளா?"

"மழைக்கு முன்னாடியிலேர்ந்து. சத்து மாத்திரை குடுத்தாங்க, தின்னேன். ஒண்ணும் ஆகல."

"பசி?"

"இல்ல. வயிறு முறுக்கும். வாயில இரும்ப வச்ச மாதிரி கீது."

டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. நகத்தை அழுத்தினார். கழுத்தைத் தடவி, எச்சில் விழுங்கச் சொன்னார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வயிற்றை அமுக்கினார். பாதத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "வீக்கம் இல்ல" என்றார். யாரோ ஒருத்தியின் உடம்பைச் சோதிப்பதுபோல் மீனம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"வாயத் திறங்க."

வெற்றிலைச் சிவப்பு. டாக்டர் நனைத்த பஞ்சால் ஈறைத் துடைத்தார். சிவப்பு போயிற்று. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் கருநீலமாக ஒரு கோடு மிஞ்சியது. இன்னொரு பஞ்சால் துடைத்தார். கோடு போகவில்லை.

"ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. மணிக்கட்ட மேல தூக்குங்க."

இடது கை எழுந்தது. வலது கை வாடிய கீரைத்தண்டாய்த் தொங்கியது.

"தூக்குங்கம்மா."

"தூக்கிக்கினுதான் கீறேன்."

டாக்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "எங்க வேலை?"

ராஜம்மா சொன்னாள். பேட்டரி, பொடி, வெல்லம், முதலாளியின் ஏச்சு எல்லாம்.

"கை கழுவிட்டுத்தானே திங்கறீங்க?"

"கழுவ வுட்டா கழுவ மாட்டமா?"

"இது சோம்பேறித்தனம் இல்ல. ஈயம் உடம்புல ஏறியிருக்கு. கைத்தூசி வெல்லத்தோட வயித்துக்குள்ள போகுது. ரத்தத்த மெட்ராஸுக்கு அனுப்பிப் பார்த்தாத்தான் எவ்வளவுன்னு தெரியும். அதுவரைக்கும் அந்தப் பொடியத் தொடாதீங்க."

மீனம்மாள் முந்தானையை இடது கையால் அவிழ்த்தாள். பாதி வெல்லம்.

"இத என் பொண்ணு திங்கறாம்மா. தெனம்."

"நாளைக்கே அவளையும் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் மீனம்மாள் அந்த வெல்லத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"தூக்கி எறிடி."

"எங்கக்கா எறியறது? எந்தப் புள்ளயாவது எடுத்துத் தின்னுடும்."

மறுநாள் விடியற்காலை கலைமதியை மாமியார் படப்பைக்குத் தூக்கிப்போனாள். மீனம்மாள் கொட்டகை வாசலுக்கு வந்தாள். ராஜம்மா வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீரும் வெளுத்த துணியும் கொண்டுவந்திருந்தாள்.

"வாயத் தொறங்கடி."

ஒவ்வொருத்தியாகத் துடைத்துப் பார்த்தாள். சிலருக்கு ஒன்றுமில்லை. பலருக்கு அதே கோடு.

"எனக்குப் பாரு" என்று யாக்கோபு வந்து நின்றார்.

"உனக்கு பீடிக் கறைதான்யா."

"தொடச்சுட்டுச் சொல்லு."

துடைத்தாள். அங்கேயும் அதே கோடு. யாக்கோபு போய் உலை மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்தார்.

நரசிம்மன் கூடையை நீட்டினார். ஒரு கையும் நீளவில்லை. விஷயத்தைக் கேட்டதும், "ஒருத்தி கை வெளங்கலன்னா ஊரே மருந்து குடிக்குமா?" என்றார்.

"ஒருத்தி இல்ல மொதலாளி." ராஜம்மா தன் கீழுதட்டை இழுத்துக் காட்டினாள். அடுத்தவளும் இழுத்தாள். யாக்கோபும்.

"வெத்தலைக் கறைய வச்சுக்கினு வேஷம் கட்டுறீங்களா?"

"தோ துணி. நீங்களே தொடச்சுப் பாருங்க."

அவர் ஓரடி பின்னால் போனார். "இன்னாதான் வேணும்?"

"எல்லாருக்கும் ரத்தம் பாக்கணும், மீனம்மா பொண்ணுக்கும்" என்றார் யாக்கோபு. "கை கழுவத் தண்ணி, சோப்பு. துன்றதுக்குத் தனி எடம். அப்புறம், இவள வேலைய வுட்டுத் தூக்கக் கூடாது."

"ஒரகடத்துல ஆளா இல்ல? இப்பவே கொண்டாறேன் பாரு."

"கொண்டாங்க. அவங்களுக்கும் வாயி கீது, ஈறு கீது" என்றார் யாக்கோபு.

எல்லோரும் வாசலுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். உள்ளே உலை மெல்ல அவிந்துகொண்டிருந்தது. வெயில் ஏறும்போது லாரி வந்தது, பெண்களை ஏற்றிக்கொண்டு. முதலில் இறங்கியவளின் கையில், அவர்களைக் கூட்டிவந்த மேஸ்திரி ஒரு வெல்லக்கட்டியை வைத்தான்.

மீனம்மாள் எழுந்து அவளிடம் போனாள்.

"ஏம்மா, வேலைக்குப் போறதுக்கு முன்ன என் வாயக் கொஞ்சம் பாரு." கீழுதட்டை இழுத்துக் காட்டினாள்.

"இன்னாது அது, கோடு?"

"ஈயம். வெல்லத்தோட உள்ள போனது. கையப் பாரு." வலது கையை நீட்டினாள். மணிக்கட்டு தொங்கியது.

"தூக்கேன்."

"தூக்கிக்கினுதான் கீறேன்."

வந்தவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வா வா, நேரமாவுது" என்று மேஸ்திரி அதட்டினான்.

அவள் வெல்லத்தை வாயில் போடாமல் திரும்பினாள். "இன்னாய்யா, உள்ள கை கழுவத் தண்ணி எங்க கீது?"

மேஸ்திரி முதலாளியைப் பார்த்தான். லாரியிலிருந்து வேறு யாரும் இறங்கவில்லை.