சீட்டாட்டத்துக்கு அனுமதி

மரக்கடைக்காரருக்கு மாப்பிள்ளை மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. கடைக் கம்ப்யூட்டரில் அவர் சீட்டாடுவது ஒரு குற்றம். மாமனார் பாதியில் விட்ட ஆட்டத்தைக் கலைத்துவிடுவது பெருங்குற்றம். ஆனால் மாமனாரும் ஆடுவது யாருக்கும் தெரியாதே, வாய்விட்டா சொல்ல முடியும்?

கம்ப்யூட்டர் படித்த தங்கை மகளைக் கூப்பிட்டார்.

"இந்தக் கடையில யார் சொல்லுக்கு எல்லாரும் கட்டுப்படுறாங்களோ, அவங்க அனுமதி இல்லாம சீட்டாட்டம் திறக்கக் கூடாது."

"அவ்வளவுதானே மாமா? திறக்கும்போதே அட்மின் பாஸ்வேர்டு கேக்கும்."

அவர் மரம் அறுக்கும் ரம்பத்தடிக்குப் போய்த் திரும்புவதற்குள் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மாப்பிள்ளை சாப்பிடப் போனதும் மாமனார் கம்ப்யூட்டர் முன் ஆசையாக உட்கார்ந்தார். பாஸ்வேர்டு கேட்டது. தன் பெயரைப் போட்டார், கடைப் பெயரைப் போட்டார். அசையவில்லை. போனைப் போட்டார்.

"பாஸ்வேர்டு என்னடி?"

"எனக்கே தெரியாது மாமா. எல்லாரும் கட்டுப்படுறது அத்தைக்குத்தானே? அவங்களையே போடச் சொல்லிட்டேன்."

கல்லாவில் இருந்த மனைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை காலையிலயே கேட்டு, என்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. உங்களுக்கு எதுக்குங்க?"

"தூசி தட்டலாம்னு..."

"தட்டுங்க. அதுக்குப் பாஸ்வேர்டு வேணாம்."

மரக்கடைக்காரர் துணியைத் தேடினார்.