உயரக் கடிகாரம்

எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்கிறவர்கள் மார்பில் ஒரு சின்ன அட்டை குத்தியிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், யார் மேல் எவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்று எழுதி வரும். பதினோரு வருஷமாக அங்கே வேலை செய்யும் அவளுக்கு வந்ததெல்லாம் ஒரே பதில்தான்: சொல்லும்படி ஒன்றுமில்லை. இந்த முறை வந்த கடிதத்தைப் பிரிவுத் தலைவர் தானே எடுத்துக்கொண்டு வந்து, கதவைச் சாத்திவிட்டுக் கொடுத்தார்.

கூட வேலை செய்கிறவர்களைவிட நாற்பது மடங்கு.

அட்டையை எக்ஸ்ரே அறைக்குள் மறந்து விட்டுவிட்டுப் போனாளா என்று கேட்டார். இல்லை என்றாள். காரணம் தெரிகிற வரைக்கும் இயந்திரத்தின் பக்கம் வர வேண்டாம், பதிவு மேஜையில் உட்காரட்டும் என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பரிதாபமாகப் பார்த்தார்.

அன்றிலிருந்து சீப்பில் வரும் முடியை எண்ண ஆரம்பித்தாள். பல் தேய்த்துவிட்டு ஈறில் ரத்தம் கசிகிறதா என்று கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து நின்றாள். கணவன் வேறு ஊரில் பாலம் கட்டும் வேலையில் இருந்தான். அவனிடம் சொல்ல வாயெடுத்து, மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனை வைத்தாள்.

ஐந்தாம் நாள் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் துருவித் துருவிக் கேட்டார். வேலை முடிந்ததும் அட்டையை மருத்துவமனைப் பலகையிலேயே மாட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் அவசரத்தில், மூன்று மாதமாக அதைக் கோட்டோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதைத் தலையைக் குனிந்துகொண்டு ஒத்துக்கொண்டாள். வீட்டில் கோட்டை எங்கே மாட்டுவாள்? மாமனாருடைய அலமாரியின் பக்கப் பலகையில் ஓர் ஆணி இருந்தது, அதில். அலமாரிக்குள் என்ன? பழைய விமானச் சாமான்கள்.

அவர் பேனாவை மூடினார். "அதுல கடிகாரம் மாதிரி ஏதாவது இருக்கா?"

இருந்தது.

மாமனார் ஓய்வுபெற்ற தபால்காரர். அவருடைய தாத்தா ஒரு தச்சர். விமானம் என்றால் மூங்கிலும் மரச்சட்டமும் துணியும் கம்பியுமாக இருந்த காலத்தில், ஊர் ஊராகப் போய்ப் பறந்து காட்டிய ஒரு கூட்டத்தோடு சுற்றியவர். அவர் விட்டுப்போனதையெல்லாம் மாமனார் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் சீட்டு எழுதி வைத்திருந்தார். அந்த அலமாரிக்குக் கீழேதான் அவளுடைய எட்டு வயது மகள் பாய் விரித்துப் படிப்பாள். பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. வீட்டுக்கு அவள் வாண்டு.

சனிக்கிழமை அதிகாரி ஒரு பெட்டியோடு வந்தார். மருத்துவமனையிலிருந்து ஒருவர் அலமாரியைப் பார்க்க வருகிறார் என்று மட்டும்தான் மாமனாரிடம் சொல்லியிருந்தாள். அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு காத்திருந்தார். வந்தவரைப் பேசவிடாமல் பழைய கதையை அவிழ்த்தார். கூட்டம் கப்பலில் மரப்பெட்டிகளோடு வந்து இறங்கியது. குதிரைப் பந்தய மைதானத்தில் வைத்து விமானத்தைப் பூட்டியது. இறக்கைத் துணி விறைப்பாக நிற்க அதில் ஒரு பசை தடவியது. அந்த வாடை தாளாமல் தாத்தா சோறு இறங்காமல் கிடந்தார். முதல் நாள் விமானம் ஒரு தென்னை உயரம் எழும்பி வேலியில் போய் மாட்டிக்கொள்ள, ஜனங்கள் அதற்கே கை தட்டினார்கள். அவள் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மனுஷன் இன்னும் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. வாண்டைப் பாயிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடு என்று இன்னொரு மனம் சொன்னது.

அதிகாரி பெட்டியிலிருந்து கதிரை அளக்கும் கருவியை எடுத்து முடுக்கினார். உடைந்த விமான விசிறிக் கட்டையிடம் ஒன்றும் இல்லை. தோல் குல்லாயிடமும், கண்ணில் காற்று படாமல் போடும் கண்ணாடியிடமும் இல்லை. மூன்றாம் தட்டின் ஓரத்துக்கு வந்ததும் கருவி காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டதுபோல் பொரிய ஆரம்பித்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை வட்டம். பறக்கிற உயரத்தைக் காட்டுவது. வீட்டில் அதற்கு உயரக் கடிகாரம் என்று பெயர். ஒரு காலத்தில் இருட்டில் ஒளிர்ந்த எண்கள் இப்போது பழுத்துக் கருத்திருந்தன. அதையொட்டிய பக்கப் பலகையின் மறுபக்கத்தில்தான் அவள் கோட்டு மாட்டும் ஆணி.

"எண்ணுக்குப் பூசின மையில ரேடியம் இருக்கு. ஒளி போயிடும், கதிர் போகாது," என்றார் அதிகாரி. பிறகு அவளைப் பார்த்து, "கதிரை வாங்கினது உங்க அட்டைதான். உங்க உடம்பு இல்ல," என்றார்.

அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் கருவியை அணைக்கவில்லை. இதன் கண்ணாடி எங்கே என்று கேட்டார்.

மாமனார் தயங்கினார். போன வருஷம் வாண்டு கை தவறிக் கீழே போட்டதில் உடைந்துவிட்டது. எண்களிலிருந்து கொஞ்சம் தூள் உதிர்ந்தது. தானே துடைத்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். எப்படித் துடைத்தார் என்று அதிகாரி கேட்டார்.

"வாயால ஊதி, விரலை எச்சில் தொட்டு ஒத்தி எடுத்தேன் சார். ஏன்?"

அந்தத் தூள் வாய்க்குள் போகவே கூடாது என்றார் அதிகாரி. மாமனாரே மெதுவாகப் போய்த் தாத்தாவின் குறிப்பேட்டை எடுத்து வந்து ஒரு பக்கத்தைப் பிரித்தார். 'எண்கள் மங்கினால் நான்தான் ஒளி மை எழுதுகிறேன். வேறு கூட்டத்தாரும் தங்கள் கடிகாரங்களைத் தருகிறார்கள். தூரிகையை உதட்டில் கூராக்கிக்கொண்டால் கோடு பிசகுவதில்லை.' பக்கத்திலேயே தாத்தாவின் கடைசிப் படம்: தாடையைச் சுற்றித் துணிக்கட்டு, ஒரு பக்கம் குழிந்த முகம். விமானத்திலிருந்து விழுந்த அடி என்று நான்கு தலைமுறை சொல்லிக்கொண்டிருந்தது. அதிகாரி படத்தை வெகுநேரம் பார்த்தார். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் விழுந்த அடியாகத் தெரியவில்லை, அந்த மைதான் தாடை எலும்பை அரித்திருக்க வேண்டும் என்றார்.

மாமனார் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு அதிகாரி குனிந்து பாயைச் சோதித்தார். அங்கங்கே ஒன்றிரண்டு சத்தம். பக்கத்தில் வாண்டின் பென்சில் டப்பா. அதன் அருகில் கருவி பொரிந்தது.

டப்பாவுக்குள் கட்டை விரலளவு கண்ணாடித் துண்டு, பருத்தித் துணியில் சுற்றி வைத்திருந்தது. வளைந்த கண்ணாடி எழுத்தைப் பெரிதாகக் காட்டுகிறது என்று அதை எடுத்து வைத்திருக்கிறாள்.

"இதை எப்பவாவது வாயில வச்சியாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

வாண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த பயம் அவளுக்கும் தொற்றிக்கொண்டது. பாவாடை நுனியைச் சுருட்ட ஆரம்பித்தாள். அம்மா மகளின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா அடிக்க மாட்டேன். சொல்லுடி கண்ணு."

"அழுக்கா இருந்துச்சு. நக்கித் துடைச்சேன். ரெண்டு தடவை."

பாய், டப்பா, கடிகாரம் எல்லாவற்றையும் ஈயப் பெட்டியிலும் தடித்த பைகளிலும் கட்டி எடுத்துப் போனார்கள். அறையைப் பூட்டி, பிறகு ஆட்கள் வந்து தரையைத் துடைத்தார்கள். கிழவருக்கும் பேத்திக்கும் சோதனை எடுத்தார்கள். முடிவு வர பதினோரு நாள் ஆகும் என்றார்கள்.

அந்தப் பதினோரு நாளும் அவள் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனாள். மகள் இருமினால் ஓடினாள். இருமாவிட்டால் மூச்சிருக்கிறதா என்று பார்த்தாள். மாமனார் தன் தட்டைத் தனியாகக் கழுவி, கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். தொட்டால் ஒட்டாது என்று அதிகாரி படித்துப் படித்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. வாண்டு ஓடி வந்தால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார். கண்ணாடியை உடைத்ததற்குத் தாத்தாவுக்குத் தன் மேல் கோபம் என்று அது ஒரு மூலையில் போய் அழுதது.

பன்னிரண்டாம் நாள் பதிவு மேஜைக்குக் கடிதம் வந்தது. பிரிக்காமல் கழிப்பறைக்கு எடுத்துப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தாள். குழந்தையிடம் ஒன்றும் இல்லை. பெரியவரிடம் மிகச் சிறிய தடயம். இப்போதைக்குச் சிகிச்சை தேவையில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

பேருந்துக்கு நிற்காமல் வீடு வரை நடந்தே வந்தாள். கூடத்தின் ஒரு கோடியில் மாமனார், மறு கோடியில் வாண்டு. இருந்ததை இருந்தபடியே சொன்னாள். ஆறு மாத விஷயத்தையும் மறைக்கவில்லை.

"என் வயசுக்கு ஆறு மாசம்ங்கிறதே பெரிய வாய்தாதான்மா," என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார்.

வாண்டு எழுந்து வந்து அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அவர் இரண்டு கைகளையும் குழந்தை மேல் படாமல் அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மருமகளைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவள் மாமனாரைத் தொட்டதில்லை. பக்கத்தில் போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கி, மகளின் தோளில் வைத்தாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.