பிட்டு மாற்றும் நேரம்

சவப்பெட்டிக்குள் கிடந்த கணவர் டெரிக்கின் நகங்களிலிருந்து செம்மண்ணை ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தாள் மௌரீன். சர்ச்சில் ஃபாதர் காத்திருக்கிறார், மூடிவிடலாம் என்று நாத்தனார் இரண்டாம் முறையாகச் சொன்னாள். மௌரீன் காதில் வாங்கவில்லை.

நேற்று அத்திபெலேயில் போர்வெல் போடும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குச் சற்று முன் அவளுக்குப் போன் செய்திருக்கிறார். இங்கே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததில் கேட்கவில்லை. என்ன சொல்லக் கூப்பிட்டார்? வலிக்கிறது என்றா? அது தெரியாமல் அவரை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. வழக்கமாக அவர் போனில் விஷயமே இருக்காது. "சும்மாதான்" என்பார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லாத மனிதரின் அந்தச் சும்மாவுக்கு இப்போது மனசு கிடந்து ஏங்கியது.

டெரிக்கோடு போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்த ராம்கி உள்ளே வந்ததும் அவனைத்தான் கேட்டாள்.

"பாறை தட்டவே இல்லக்கா. களிமண்ணுதான் வந்துட்டிருந்தது. திடீர்னு பிட்டைத் தூக்குன்னாரு. யானைக்கும் அடி சறுக்கும்னு நினைச்சேன்."

அவளுக்கும் தெரிந்த தொழில்தான். மண் இளகலாக இருக்கும்வரை சீவிக்கொண்டு இறங்க, துளைக்கும் குழாயின் முனையில் மூன்று இறக்கை வைத்த டிராக் பிட். பாறை வந்தால்தான் அதைக் கழற்றி, பாறையை இடிக்கும் ஹாமர் பிட்டை மாட்டுவார்கள். பாதியில் தூக்கினால் குழி சரிந்து, பட்ட பாடெல்லாம் வீண். மண்ணை விரலில் தேய்த்தே எந்த பிட் என்று சொல்கிறவர், கத்துக்குட்டிகூடச் செய்யாத தப்பைச் செய்திருக்கிறார்.

"எதுக்காம்?"

"மிஷினை நிறுத்தணும்னாரு. பிட்டை உள்ள விட்டு நிறுத்தினா களிமண்ணு கவ்விக்குமே, அதான் தூக்கச் சொன்னாரு. எப்பவும் பிட்டு மாத்தறப்பதானேக்கா உங்களுக்குப் பேசுவாரு? அப்பதான் சத்தம் இல்லாம அவ குரல் கேக்கும்பாரு. நேத்து பாறை வர வரைக்கும் அவருக்குப் பொறுக்கல."

மௌரீனுக்கு இது தெரியாது. இத்தனை வருஷமாக அவர் பாறைக்காகக் காத்திருந்தது இதற்கும்தான் என்று யாரும் சொன்னதில்லை.

"நான் எடுக்கலைன்னதும்?"

"காதுலயே வெச்சிருந்தாரு. மிஷினைப் போடவான்னு கேட்டேன். இருடா, எடுப்பான்னாரு."

வாசலில் சவ வண்டி வந்து உறுமிக்கொண்டு நின்றது. நாத்தனார் மூடியைத் தூக்கினாள். மௌரீன் கையால் தடுத்தாள்.

"வண்டியை நிறுத்தச் சொல்லு ராம்கி."

இன்ஜின் நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு டெரிக்கின் காதருகே குனிந்தாள்.